சிம்மீஸ்: ஒரு பிரெஞ்சுப் பதத்தின் லத்தீன் பூர்வீகமும் திருப்பூர் வாசமும்

கேள்வி

திருப்பூர்க் காதர்பேட்டையின் மொத்த வியாபாரக் கடைகளில், பனியன் கட்டுகளுக்கும் ஜட்டிக் கட்டுகளுக்கும் பக்கத்திலேயே, சிறு பெண்பிள்ளைகள் கவுனுக்கும் பாவாடை சட்டைக்கும் உள்ளே அணிந்துகொள்ளும் கையில்லாத பருத்தி உள்ளாடை டஜன் டஜனாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை நம் வீடுகளில் நெடுங்காலமாகச் சிம்மீஸ் என்றே வழங்கி வருகிறோம். அச்சொல், இன்று பிரெஞ்சு மொழியில் ஆண்களின் சட்டையைக் குறிக்கும் சர்வசாதாரணமான பதமாகிய 'ஷெமீஸ்' என்பதோடு சம்பந்தமுடையது என்பதையும், அந்த ஷெமீஸ் பிற்கால லத்தீனில் வழங்கிய 'கமீசியா' என்பதிலிருந்து பிறந்தது என்பதையும் ஐரோப்பிய அகராதிகள் ஒருமுகமாகச் சொல்லுகின்றன.

அகராதிகள் காட்டும் இந்த வரிசை சரியே. ஆனால் அது இரண்டு முனைகளிலும் முற்றுப்பெறாமல் நிற்கிறது. ஒரு முனையில், கமீசியா என்பது லத்தீனுக்குச் சொந்தமான சொல்தானா என்ற சந்தேகம் இருக்கிறது. மறுமுனையில், அது புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் மூலமாகவா, போர்த்துகேயர் மூலமாகவா, உருது மூலமாகவா, ஆங்கிலத்தின் மூலமாகவா, எந்த வழியாகத் தமிழை வந்தடைந்தது என்ற வினா இருக்கிறது. பிரெஞ்சுச் சொல் தமிழில் வழங்கினால் அது புதுச்சேரி வழியாக வந்தது என்று சொல்லிவிடத் தோன்றுவது இயல்பு. அந்த அபிப்பிராயம் பொருந்தாது என்பதும், ஆங்கிலேயக் குடும்பங்கள் வீட்டுக்குள் பேசிய கொச்சை வழக்கைக் காதால் கேட்டு நம் தையற்காரர்களும் தாய்மார்களும் எடுத்துக்கொண்ட சொல் இது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

லத்தீன் நூல்கள் தரும் சான்று

சிசரோவும் வர்ஜிலும் எழுதிய செவ்விய லத்தீனில் கமீசியா கிடையாது. அக்காலத்து ரோமர்கள் தைத்து அணிந்த வஸ்திரத்துக்குத் 'தூனிக்கா' என்றும், அதனுள்ளே உடலோடு ஒட்ட அணிந்ததற்குச் 'சுபூக்குலா' என்றும் பெயரிட்டிருந்தனர். கமீசியா நம் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுவது 4ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், பெத்லகேமில் துறவியாக வாழ்ந்த காலத்தில், ரோமாபுரியின் பிரபு குலத்தைச் சேர்ந்த பபியோலா என்ற பெண்மணிக்கு 397ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஒரு நீண்ட கடிதம், அவருடைய கடிதத் தொகுதியில் 64ஆவதாக இடம்பெற்றிருக்கிறது. பழைய ஏற்பாட்டு ஆசாரியர்களின் பூஜை உடைகளை ஒவ்வொன்றாக விளக்குவதே அக்கடிதத்தின் நோக்கம். அவற்றுள் உடலோடு இறுகப் பொருந்தும் லினன் அங்கியைப் பற்றி எழுத வருகையில், படிப்பவர்க்கு எளிதில் விளங்கும்பொருட்டுப் பாமர வழக்கிலுள்ள ஒரு சொல்லைக் கையாளப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு, போர்வீரர்கள் கமீசியா என்று சொல்லும் லினன் ஆடை ஒன்று உண்டு என்றும், ஓடுவதற்கும் ஈட்டி எறிவதற்கும் கேடயம் தாங்குவதற்கும் வாள் வீசுவதற்கும் இடைஞ்சலில்லாமல் அது அங்கங்களோடு ஒட்டித் தைக்கப்பட்டிருக்கும் என்றும் அவர் விவரிக்கிறார்.

இந்தச் சில வரிகள் மொழி ஆராய்ச்சியாளனுக்கு ஒரு புதையல். சொல் எந்த வகுப்பாரின் வாயில் வழங்கியது, எத்தகைய துணியில் எத்தகைய தையலைக் குறித்தது, கற்றோர் அதை எவ்வளவு தயக்கத்தோடு எழுத்தில் ஏற்றார்கள் என்ற மூன்றையும் ஜெரோம் ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறார். பண்டிதர் நாவில் பிறந்து பாமரரை அடைந்த பதம் அன்று இது. பாளையத்தில் பிறந்து பண்டிதர் ஏட்டுக்கு ஏறிய பதம்.

அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்பெயின் தேசத்தில் வாழ்ந்து 636இல் காலமான செவில் நகரத்து ஆயர் இசிதோர், சொற்பிறப்புகளைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலின் 19ஆம் பகுதியில், படுக்கையாகிய 'கமா'வில் அணிந்து உறங்குவதால் கமீசியா என்று பெயர் வந்தது என்கிறார். ஸ்பானிய மொழியில் கட்டிலுக்கு இன்றும் 'கமா' என்றே பெயர். ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்ட இந்த விளக்கத்தை இன்றைய அறிஞர் எவரும் ஏற்பதில்லை. ஆனால் தவறான விளக்கமும் ஒரு சான்றைச் சுமந்து வரக்கூடும்: ஜெரோம் காலத்தில் போர்க்களத்துக்கு உரியதாயிருந்த ஆடை இசிதோரின் காலத்தில் ஸ்பெயினில் இராக்கால உடையாக வழங்கியது என்பது அவர் வாக்கால் உறுதிப்படுகிறது.

மூன்றாவது சான்றைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 2ஆம் நூற்றாண்டினரான பெஸ்துஸ் இயற்றிய லத்தீன் சொல்விளக்க நூலை 8ஆம் நூற்றாண்டில் பவுலு என்ற திருத்தொண்டர் சுருக்கி எழுதினார். அந்தச் சுருக்கத்தில், இளம்பெண்கள் அணியும் லினன் ஆடை ஒன்றுக்குச் 'சுபூக்குலா, அதாவது கமீசியா' என்று பொருள் கூறப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டு கமீசியாவுக்கு 2ஆம் நூற்றாண்டுப் பழமை கற்பிப்பது தகாது. 'அதாவது' என்று தொடங்கும் விளக்கம், பழஞ்சொல் வழக்கொழிந்துபோன தம் காலத்து வாசகருக்காகப் பவுலு சேர்த்தது என்று கொள்வதே நியாயம். எனினும், போர்வீரனின் ஆடைப்பெயர் நானூறு ஆண்டுகளுக்குள் பெண்பிள்ளைகளின் உள்ளாடைக்கும் பொருந்தக்கூடிய பொதுப்பெயராகிவிட்டதை இக்குறிப்பு ஐயமறக் காட்டுகிறது.

லத்தீனுக்கு முன்னால்

ஜெர்மன் மொழியில் சட்டைக்கு 'ஹெம்ட்' என்று பெயர். அதன் பழைய வடிவம் 'ஹெமிதி'. மூடுதல் என்ற பொருளுடைய ஒரு புராதன இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இச்சொல்லும் கமீசியாவும் கிளைத்தன என்பதே பெரும்பாலோர் கொள்கை. அவ்வேரின் ககர ஒலி ஜெர்மானியக் கிளை மொழிகளில் ஹகரமாக மாறிவிட்டது. ஆனால் லத்தீன் வடிவத்தில் ககரம் அப்படியே இருக்கிறது. இதிலிருந்து எழும் வினா என்னவெனில், ரோமப் படைவீரர்கள் இச்சொல்லை ஜெர்மானியரிடமிருந்து நேரே பெற்றார்களா, அல்லது இடையில் வாழ்ந்த கால் தேசத்துக் கெல்தியர் மூலமாகப் பெற்றார்களா என்பது. ஆறாம் நூற்றாண்டையொட்டி ஜெர்மானியக் குலத்தாரான பிராங்கியரிடமிருந்து பிரெஞ்சில் புகுந்த சொற்கள் ஹகர எழுத்தை இன்னும் முன்னெழுத்தாகச் சுமந்துகொண்டிருக்கின்றன. வெட்கத்தைக் குறிக்கும் 'ஓந்த்', வெறுப்பைக் குறிக்கும் 'என்' ஆகியவற்றின் எழுத்துக்கூட்டல் அத்தகையது. ஷெமீஸ் அந்தக் கூட்டத்தில் சேராமையால், அது பிராங்கியர் வருகைக்கு மிக முந்திய கடன் என்பது உறுதி. கெல்திய வழியே கூடுதல் பொருத்தமுடையதென்று தோன்றுகிறது.

இதே வேரோடு ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்துத் திருமண சூக்தத்தில் வரும் 'சாமுல்ய' என்ற பதத்தையும் சேர்த்து எண்ணியவர்கள் உண்டு. மணப்பெண் அணிந்து, பின்னர் தானமாகக் கொடுத்துவிட வேண்டிய கம்பளி உள்ளாடை அது என்று பொருள் கூறுவர். லத்தீன் கமீசியாவுக்கும் வேத காலத்து மணப்பெண்ணின் ஆடைக்கும் பந்துத்துவம் உண்டு என்ற எண்ணம் மனத்தைக் கவரக்கூடியதே. ஆயினும் இந்தச் சொல்லின் பிற்பகுதி எவ்வாறு அமைந்தது என்பதற்குத் திருப்தியான விளக்கம் எதுவும் கூறப்படாமையால், இதை ஒரு யூகமாக மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு லத்தீனைப் பற்றி எழுதுகிறவனுக்கு மற்றொரு யூகமும் தோன்றாமல் இராது. நொய்யல் கரையிலேயே கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய ரோமச் சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன; அதே ஆற்றங்கரையில் கீழ்த்திசையில் கொடுமணல் இருக்கிறது; அக்காசுகளில் பொறித்திருப்பவை லத்தீன் எழுத்துகள். முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்குக் காவல் நிற்கும் யவனர்கள் 'மெய்ப்பை' அணிந்தவர்களாக வருணிக்கப்படுகிறார்கள். சட்டை என்று அதற்குப் பொருள். ஆகவே ரோமர் காலத்திலேயே இச்சொல் இங்கு வந்திருக்கலாகாதா என்று கேட்கலாம். வந்திருக்க முடியாது. முதலாவது, அக்காசுகள் அடிக்கப்பட்ட காலத்து லத்தீனில் கமீசியா என்ற பதத்துக்கே சான்றில்லை. இரண்டாவது, முல்லைப்பாட்டின் புலவர் அந்நியனின் உடையைக் கண்டபோது அந்நியனின் சொல்லைக் கேட்டு எழுதவில்லை. மெய்யை இட்டுவைக்கும் பை என்று தம் பாஷையிலேயே ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார். நேர்த்தியான அந்தப் பதத்தை நாம் வழக்கில் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

ககரம் ஷகரமாதல்

பிரெஞ்சுப் பகுதியில் விவாதத்துக்கு இடமில்லை. லத்தீனில் அகரத்துக்கு முன் நின்ற ககரம் வட பிரான்ஸின் பேச்சில் முதலில் சகரமாகவும் பின்னர் ஷகரமாகவும் மாறியது: குதிரையைக் குறித்த 'கபல்லுஸ்' 'ஷெவால்' ஆயிற்று, வயலைக் குறித்த 'கம்புஸ்' 'ஷாம்' ஆயிற்று, பாடுதலைக் குறித்த 'கந்தாரே' 'ஷாந்தே' ஆயிற்று. அதே விதிப்படி கமீசியா ஷெமீஸ் ஆயிற்று. இத்தாலியில் 'கமீச்சா' என்றும், ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் 'கமீசா' என்றும் ககரம் மாறாமலே நின்றுவிட்டது. இவ்வேறுபாடு நமக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படும்: ககரத்தோடு வந்த வடிவம் தெற்கத்திய வழியாகவோ அரபு வழியாகவோ வந்தது, ஷகரம் அல்லது சகரத்தோடு வந்த வடிவம் வட பிரான்ஸைத் தொட்டுக்கொண்டு வந்தது.

தமிழை அடைந்த வழிகள்

ககர வடிவத்தை முதலில் பார்ப்போம். அரபு மொழியில் 'கமீஸ்' என்று வழங்கும் சொல் குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் யூசுப் நபியின் சட்டையைக் குறிக்க வருகிறது. அது அரபு மொழிக்கு அந்நியமான சொல் என்றும், மத்தியதரைக் கடற்கரையில் கிரேக்கரும் ரோமரும் வழங்கிய வடிவத்திலிருந்து வந்தது என்றும் ஆர்தர் ஜெப்ரி, 1938இல் பரோடாவில் வெளியான தம் ஆராய்ச்சி நூலில் காட்டியிருக்கிறார். அரபிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து உருதுவுக்கும் வந்த அதே சொல்தான் இன்று நம் கடைகளில் சல்வார் கமீஸ் என்று விலை போகிறது.

யூல், பர்னெல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, சட்டை என்ற பொருளில் கமீஸ் ஹிந்துஸ்தானியிலும் தமிழிலும் பேச்சு வழக்கில் உள்ளது என்று குறித்து, அது போர்த்துகேயக் கமீசாவிலிருந்து வந்தது, கமீசாவோ அரபிலிருந்து வந்தது என்று எழுதுகிறது. பர்னெல் தமிழ் ஜில்லாக்களில் நீதிபதியாக இருந்து தமிழ்ப் பேச்சைக் காதால் கேட்டவராதலால், சொல் வழக்கில் இருந்தது என்ற அவரது சாட்சியத்தை நாம் மதிக்கலாம்; ஆனால் பூர்வீகம் பற்றிய கூற்று நிற்காது. போர்த்துகேயக் கமீசா லத்தீனின் நேர்ச் சந்ததி. அரபின் உதவி அதற்குத் தேவைப்படவில்லை. ஜெரோமின் சொல் அரபிலிருந்து பெற்றதா, அரபுச் சொல்லுக்கு அதுவே மூலமா என்று அவ்வகராதி ஒரு வினாவை எழுப்பி விட்டுவிடுகிறது. ஜெரோமின் கடிதம் குர்ஆனுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது என்பதையும், ஜெர்மானிய மொழிகளில் இச்சொல்லுக்கு உடன்பிறப்புகள் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வினாவுக்கு விடை தானே கிடைக்கிறது.

போர்த்துகேயரின் கமீசா வேறிடங்களில் ஆழ வேரூன்றியது. சிங்களத்தில் சட்டை 'கமிசய', மலாயில் 'கெமெஜா'. தமிழில் அது நிலைக்கவில்லை. ஆனால் சட்டையைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளுக்குப் போர்த்துகேயர் வைத்த பெயர் நிலைத்தது. பொத்தான் அவர்களுடையது. அதைவிட வியப்பானது திருப்பூரில் நாள்தோறும் ஆயிரம் வாய்களில் வழங்கும் 'காஜா'. வீடு என்று பொருள்படும் 'காசா' என்ற சொல்லைப் போர்த்துகேயத் தையற்காரர்கள் பொத்தான் புகுந்து தங்கும் துளைக்கும் வழங்கினார்கள். அது கோவாவிலிருந்து வட இந்திய மொழிகளில் 'காஜ்' என்று பரவியதைத் தல்காடோ என்னும் கோவா நாட்டுப் பாதிரியார், ஆசிய மொழிகளில் போர்த்துகேயச் சொற்களைப் பற்றி 1913இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். குடிசையைக் குறித்த லத்தீன் 'காசா'வே இதற்கு மூலம். ஒருவரது இல்லத்தில் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர் நாளைக்கு நூறு முறை சொல்லும் 'ஷே' என்ற இடைச்சொல்லும் அதிலிருந்து பிறந்ததே.

இனி ஷகர வடிவம். 1674 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, தமிழுக்குச் சில சொற்களைத் தந்திருப்பது உண்மை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் துரைமார் பெயருக்கு முன்னால் 'முசே' என்று வருகிறது. பிரெஞ்சுப் படையில் சேவித்து ஓய்வூதியம் பெற்றோரைப் புதுச்சேரித் தமிழர் 'சொல்தா' என்பர். பொற்காசைக் குறித்த லத்தீன் 'சோலிதுஸ்' அதன் மூலம். இவையெல்லாம் அதிகாரத்தையும் உத்தியோகத்தையும் சார்ந்த சொற்கள். சிம்மீஸ் அந்த வரிசையில் வரக்கூடியதன்று. இதைவிட வலுவான தடை பொருளில் இருக்கிறது. தற்காலப் பிரெஞ்சில் ஷெமீஸ் என்றால் முதலில் ஆண் அணியும் மேற்சட்டை. தமிழில் சிம்மீஸ் ஒருநாளும் ஆணின் உடையன்று, மேலுடையுமன்று. பெண்ணின் உள்ளாடை என்ற குறுகிய பொருள் ஆங்கிலத்தில் ஏற்பட்டது. ஸ்மாக், ஷிப்ட் என்ற தங்கள் பழஞ்சொற்கள் நாகரிகமற்றவையாகத் தோன்றத் தொடங்கியபோது, அவற்றை மறைக்க ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பதத்தை எடுத்து அந்தப் பொருளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள்.

ஒலியும் இதையே சொல்லுகிறது. கற்றோரின் ஆங்கிலத்தில் இச்சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். அப்படியே கேட்டு எடுத்திருந்தால் போலீஸ் என்பதுபோலச் 'செமீஸ்' என்றோ 'சமீஸ்' என்றோ நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். இந்திக்காரர் 'ஷமீஜ்' என்றும் வங்காளியர் 'சேமிஜ்' என்றும் வழங்குவது அவ்வாறு வந்ததே. இரண்டிலும் மகரம் ஒற்றை. நம்முடையதிலோ முதலசை இகரமாகி, மகரம் இரட்டித்து நிற்கிறது. முதலசையில் அழுத்தம் விழும் ஆங்கிலச் சொற்களையே தமிழ் இவ்வாறு இரட்டிக்கும்: சம்மர், ஜிம்மி முதலியன காண்க. அத்தகைய ஆங்கில வடிவம் ஒன்று இருந்தது. சொல்லின் இறுதி ஒலியைப் பன்மை விகுதி என்று மயங்கிய பாமர ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் அதை வெட்டிவிட்டு 'ஷிம்மி' என்று ஒருமை கற்பித்தனர். செர்ரிப் பழத்தின் பெயரும் அவர்களிடையே இவ்வாறு வாலிழந்த சொல்லே. குழந்தையின் உடையைப் பற்றித் தாயும் செவிலியும் பேசிய அந்த ஷிம்மி, பன்மையில் 'ஷிம்மீஸ்' ஆகி, ஆயாமாரும் பங்களாத் தையற்காரரும் கேட்டது கேட்டபடி நம்மிடம் வந்தது. சாக்ஸ், சிப்ஸ் ஆகியவற்றைப் போலவே பன்மையை நாம் ஒருமையாக ஏற்றுக்கொண்டோம். ஆங்கிலேயர் பன்மை என்று மயங்கி நீக்கிய ஸகரம் தமிழில் ஒருமையின் பகுதியாகவே திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

பனியன் கம்பெனிகளில்

1925ஆம் ஆண்டையொட்டிக் குலாம் காதர் சாகிபு கல்கத்தாவிலிருந்து பின்னல் எந்திரம் வரவழைத்துத் தொழிலைத் தொடங்கிய நாள்முதல் திருப்பூரின் பெயரோடு ஒட்டியிருப்பது பனியன். அச்சொல்லின் யாத்திரை சிம்மீஸுக்கு நேர் எதிர்த்திசையில் அமைந்தது. வடமொழி 'வணிஜ்' குஜராத்தியில் 'வாணியோ' ஆகி, போர்த்துகேயர் வாயில் 'பனியன்' ஆயிற்று. அந்த வணிகரின் மெல்லிய உடுப்பைப் போன்றது என்பதால் ஆங்கிலேயர் தம் உள்ளாடைக்கு அப்பெயரை இட்டு நம்மிடமே திருப்பித் தந்தனர். உடன் ஒட்டியுள்ள கம்பெனியோ, ஒரே ரொட்டியைப் பகிர்ந்துண்போர் என்ற பொருளுள்ள 'கொம்பானியோ' என்ற பிற்கால லத்தீன் பதத்தின் பிரெஞ்சுச் சந்ததி. காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் 'பனியன் கம்பெனிக்குப் போறனுங்க' என்று சொல்லும் பெண்ணின் வாக்கில் வடமொழியும் லத்தீனும் ஒருங்கே இருக்கின்றன.

இங்கே ஜெரோமின் விவரணையை மீண்டும் நினைக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நெய்த துணி இழுபடாது. ஆதலால் அவர் கண்ட லினன் கமீசியா உடலோடு ஒட்டியிருந்ததென்றால் அது முழுவதும் வெட்டின் திறமை. பின்னல் துணியோ கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து சிங்கிள் ஜெர்சியோ ரிப்போ குழாய்போல இறங்குகிறது. எந்திரத்தின் விட்டம் பார்த்து ஓட்டினால் அந்தக் குழாயே உடம்பின் சுற்றளவாகி, விலாத் தையல் இல்லாமலே உள்ளாடை அமைந்துவிடுகிறது. கட்டிங் மாஸ்டர் கழுத்தையும் கைக்குழியையும் மட்டும் வெட்டுகிறார்; தோள் ஓவர்லாக்கில் சேருகிறது; கழுத்தைச் சுற்றிப் பட்டி ஏறுகிறது; அடி மடிப்பு பிளாட்லாக்கில் முடிகிறது. குழந்தையின் தோலில் உறுத்தாமலிருக்கத் தையல் தடித்துவிடக்கூடாது என்பதில் நல்ல தையற்காரர்கள் காட்டும் அக்கறை, எந்த அகராதியிலும் இடம்பெறாத சொற்பொருள் விளக்கம் என்றே நான் கருதுகிறேன்.

பல ஆண்டுகள் செக்கிங்கிலும் கை மடிப்பிலும் இருந்த ஓர் அம்மையாரிடம், சிம்மீஸுக்கும் ஸ்லிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "சின்னப் புள்ளைகளுக்குன்னா சிம்மீஸுங்க. வயசுக்கு வந்த புள்ளைகளுக்குன்னா ஸ்லிப்புன்னு பில்லுல போடறாங்க. துணியும் தையலும் ஒண்ணுதானுங்க" என்றார். பொருளின் எல்லை துணியால் அமையாமல் அணிபவரின் வயதால் அமைந்துவிட்டதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஏற்றுமதிக் கம்பெனிகளின் ஆர்டர்ச் சீட்டுகளிலும், புதிய கடைகளின் விலைச்சீட்டுகளிலும் இப்போது 'கேமிசோல்' என்ற பெயர் பெருகி வருகிறது. மெல்லிய தோள்நாடாவோடு கூடிய அந்த உடைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரே அது. ஆனால் தென் பிரான்ஸின் புரோவான்சு மொழியில், கமீசாவின் சிற்றுருவம் என்ற பொருளில் ஆன சொல்லை அவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டதால், அதில் ககரம் மாறவில்லை. ஆகவே ஒரே தட்டில் இன்று அருகருகே கிடக்கும் சிம்மீஸ், கமீஸ், கேமிசோல் மூன்றும் ஜெரோம் தயங்கி எழுதிய ஒரே பதத்தின் பிள்ளைகள்: ஒன்று வட பிரான்ஸையும் ஆங்கிலேயர் வீட்டு வழக்கையும் கடந்து வந்தது, ஒன்று அரேபியாவையும் பாரசீகத்தையும் கடந்து வந்தது, ஒன்று புரோவான்சு வழியாக வந்தது. வியாபாரிகள் அவற்றுக்கு மூன்று விலை வைக்கிறார்கள். மூன்றிலும் விலை குறைந்தது சிம்மீஸ்தான்.